கதவுக்கடியில் ஊதா வெளிச்சம்

செங்கல்பட்டு
5.8.2024

அன்புத் தம்பி ஸ்டான்லிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் என் முட்டி வலியைத் தவிர மற்றதெல்லாம் பரவாயில்லை. உனக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? எஸ்தரும் பாப்பாவும் சுகமா?

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள், பைத்தியம் பிடித்துவிட்டதா என்று சிரிப்பாய். சிரி. என் வாட்ஸப் பென்னியின் லேப்டாப்பிலும் திறந்து கிடக்கிறது. பேசலாம் என்றால் எங்கள் வீடு உனக்குத் தெரியாதா? சமையலறையில் தும்மினால் அவன் அறையில் கேட்கும். அதனால்தான் பள்ளிக்கூட ஆபீசில் ஃபீஸ் ரசீதுகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் பள்ளிக்கூட விலாசத்துக்கே போடு.

விஷயம் என் பிள்ளையைப் பற்றித்தான். நாவலூர் கம்பெனியில் அவனோடு சேர்த்து ஒரு கூட்டத்தையே வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னேனே. "இன்னொண்ணு கெடைக்கும் வுடு" என்றாய். கிடைக்கவில்லை. இப்போது அவன் தேடுவதும் இல்லை. அறையை விட்டு வருவதே இல்லை. வைத்த சோற்றில் பாதி தட்டிலேயே காய்கிறது. அவன் அப்பா இருந்திருந்தால் அதட்டியாவது வெளியே இழுத்திருப்பார்.

பழைய மீன் தொட்டியில் ஒரு செடி வளர்க்கிறான். பிங்குவிகுலா என்று என்னவோ பெயர். நான் பசைச்செடி என்கிறேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். இலையில் வெண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு, தொட்டால் விரலில் ஒட்டும். பொடிக் கொசு வந்து உட்கார்ந்தால் அவ்வளவுதான், எழுந்திருக்க முடியாது. சில நாளில் வெறும் கறுப்புப் புள்ளியாகிவிடும். இலையே அதைத் தின்றுவிடுகிறதாம். எனக்குப் பார்க்கவே உடம்பு கூசுகிறது. ஆனால் அவன் அதற்காகத்தான் எழுந்திருக்கிறான். காலையில் தொட்டிக்கு மேல் ஊதா விளக்கைப் போடுவான். இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற பேட்டரித் தண்ணீரை அடித்தட்டில் ஊற்றுவான். குழாய்த் தண்ணீர் அதற்கு ஆகாதாம். புழுக்கமான நாளில் ஃப்ரிட்ஜில் உறைய வைத்த பாட்டிலைப் பக்கத்தில் வைப்பான். எனக்கு ஒரு வாய் ஐஸ் தண்ணீர் கொடுத்தவன் இல்லை.

காலையில் கண் விழித்ததும், ஜெபத்துக்கு முன்னால், அவன் கதவுக்கடியைப் பார்க்கிறேன். ஊதா வெளிச்சம் தெரிந்தால் எனக்கு மூச்சு வருகிறது. தெரியாவிட்டால் கதவருகே போய் நின்று காது கொடுத்துக் கேட்கிறேன். தட்டப் பயமாக இருக்கிறது.

சுவரைப் பார்த்துக்கொண்டு, கை இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு உட்காருகிறான். நம் தாவீது அண்ணன் கடைசியில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா?

சீக்கிரம் பதில் போடு.

அக்கா
ஜெனிட்டா


மாமல்லபுரம்
14.8.2024

அக்காவுக்குத் தம்பியின் ஸ்தோத்திரம்.

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரை நீட்டியதும் கோர்ட் நோட்டீஸோ என்று எனக்கு வேர்த்துவிட்டது. எஸ்தர் என் டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் திட்டை ஊற்றுகிறாள். மற்றபடி நாங்கள் சுகம். முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை அதையும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாயா?

முதலில் ஒன்று. அந்த அண்ணன் பெயரைக் கடிதத்தில் எழுதாதே. அம்மா சாகிறவரை நம் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. இப்போது எதற்கு? அவர் வேறு, பென்னி வேறு. பையனுக்கு வேலை போன வருத்தம், அவ்வளவுதான்.

இரண்டாவது, அந்தச் செடி. இத்தனை வருஷமாக ரிசார்ட் தோட்டத்தில் கிடக்கிறேன். கடல் உப்புக் காற்றில் ரோஜா பூக்க வைத்தவன் உன் தம்பி. நீ எழுதியதைப் பார்த்தால் பையன் அதைப் பட்டினி போடுகிறான். வெறும் பேட்டரித் தண்ணீரைக் குடித்துவிட்டு நாலு கொசுவைத் தின்றால் எந்தச் செடி தேறும்? மண்புழு உரம் ஒரு பொட்டலம் இத்துடன் பார்சலில் வருகிறது. அவன் குளிக்கப் போகும்போது வேரடியில் ஒரு சிட்டிகை போட்டுவிடு. செடி தளதளவென்று வந்தால் பையன் முகமும் தானாக மலரும்.

பயப்படாதே. பயந்து பயந்து நீதான் படுத்துவிடுவாய்.

ஸ்டான்லி


செங்கல்பட்டு
9.9.2024

தம்பி ஸ்டான்லிக்கு,

எல்லோரும் சுகமா? நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் உரத்தைப் போட்டேன். ஒரு சிட்டிகைதானா, நன்றாகவே தேறட்டுமே என்று ஒரு கரண்டி போட்டேன். போன வாரம் இலை ஒவ்வொன்றாகக் கறுத்து, குழைந்த கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. அவன் தொட்டிக்குள் மூக்கை விட்டு முகர்ந்து பார்த்தான். பிறகு கத்தினான் பார்!

"இன்னாம்மா பண்ணி வச்சிக்கீற? உரம் போட்டியா? ஒண்ணுமே இல்லாத மண்ணுல வாழற செடிம்மா இது. அதான் பூச்சியப் புடிச்சித் துன்னுது. அதுக்கு உரம் போட்டா செத்துடும்மா!"

வீடே அதிர்ந்தது. பக்கத்து வீட்டு சியாமளா எட்டிப் பார்த்தாள். எனக்கு அழுகை ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். அவன் குரலை அவ்வளவு பெரிதாகக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது! இன்னும் நாலு திட்டு திட்டு கண்ணா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அழுகாத நாலைந்து இலைகளைக் கிள்ளி எடுத்து, மழைத்தண்ணீரில் அலசி, ஈர மணல் மேல் படுக்க வைத்தான். இலையின் அடியிலிருந்து குட்டிச் செடி முளைக்குமாம்.

மாலையில் போய் மன்னிப்புக் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே, "வுடும்மா. போனா போவுது. எல்லாம் ஒருநாள் போறதுதான்" என்றான். கத்தினபோது நான் பயப்படவில்லை. இதைச் சொன்னபோது பயந்துவிட்டேன்.

மனசு டாக்டர் யாரிடமாவது காட்டலாமா? சபையில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று தயக்கமாக இருக்கிறது. நீ சொல்.

அக்கா


மாமல்லபுரம்
30.9.2024

அன்பு அக்கா,

முதலில் தலை குனிந்து ஒரு கும்பிடு. எஸ்தர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "ரோஜா பூக்க வச்ச மூஞ்சியப் பாரு" என்று மூன்று நாளாகக் கேட்கிறாள். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, மானம்தான் போய்விட்டது.

டாக்டர் விஷயம் யோசித்துச் செய். அந்த வாசலில் ஒருமுறை நின்றான் என்று தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இருபத்தேழு வயதுப் பையன். பாஸ்டரை வீட்டுக்கு வரச் சொல்லி ஜெபம் வை. கொஞ்ச நாள் பார்ப்போம். வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

பெஞ்சமின் என்று நீ பெயர் வைத்தபோது, யாக்கோபின் கடைக்குட்டி பெயர், செல்லமாக வளரும் என்று அம்மா சொன்னாள். செல்லம் கொடுத்ததுதான் தப்போ என்னவோ.

ஸ்டான்லி


செங்கல்பட்டு
18.11.2024

என் அருமைத் தம்பிக்கு,

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஆயிரம் ஸ்தோத்திரம்! எல்லோரும் சுகமாக இருப்பீர்கள், நானும் சுகம், முட்டி வலிகூடத் தெரியவில்லை.

பென்னி தேறிவிட்டான். தாடியை எடுத்துவிட்டான். மணலில் படுத்த இலைகளில் குட்டிகள் முளைத்து, ஒன்று இளஞ்சிவப்பில் பூவே விட்டிருக்கிறது. நேற்று வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு என்னோடு சர்ச்சுக்கு வந்தான். சபை முன்னால் நின்று, ஆண்டவர் என் பிள்ளையைத் தேற்றிவிட்டார் என்று சாட்சி சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தேன். பாஸ்டரம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

அறையைக் கழுவிவிட்டு சுத்தமாக வைத்திருக்கிறான். ஷூக்களை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டான். கரண்ட் பில், கேஸ் எல்லாம் போனில் கட்ட எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். "நீயே கட்டப் பழகிக்கோம்மா" என்றான். எவ்வளவு பொறுப்பு வந்துவிட்டது பார்!

இன்னொன்று கேள். தொட்டி, விளக்கு, செடி எல்லாவற்றையும் உனக்கே அனுப்புகிறான். நம் தெரு குட்டியானை வண்டி வியாழக்கிழமை அந்தப் பக்கம் வருகிறது. "மாமா உரம் போட்டுக் கொன்னாரு, அவரே வளக்கட்டும்" என்று சிரிக்கிறான். கொடுக்க மனசு வந்துவிட்டதே, அதுவே பெரிய குணம்.

டாக்டரிடம் போகாதது நல்லதாகப் போயிற்று. நீ சொன்னதுதான் சரி.

அக்கா


செங்கல்பட்டு
20.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பென்னி எழுதுவது. அத்தையையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தொட்டியை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். கடல் காற்று நேராகப் படக்கூடாது. விளக்கைக் காலையில் போட்டுச் சாயங்காலம் அணைத்தால் போதும். மழைத்தண்ணீர் அல்லது பேட்டரித் தண்ணீர் மட்டும். உங்கள் போர் தண்ணீர் உப்பு, ஒரு சொட்டு கூட வேண்டாம். உரம் வேண்டாம், மாமா. உங்களுக்குக் கை ஊறும் என்று தெரியும், வேண்டாம்.

மார்கழி வாக்கில் இலை சிறுத்து, பசை காய்ந்து, ரோஜா மொட்டு மாதிரி குறுகிப்போகும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தண்ணீரைக் குறைத்தால் போதும். வெயில் ஏறும்போது பெரிய இலை திரும்ப வரும். அடுத்த வருஷம் தொட்டி நிறைந்துவிடும். அப்போது பிரித்து வேறு சட்டியில் வையுங்கள். அதற்கடுத்த வருஷம் மணலை மாற்ற வேண்டும். எப்படி என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

திருப்பித் தர வேண்டாம். பாப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். அவள் நன்றாகப் பார்த்துக்கொள்வாள்.

அம்மாவை அடிக்கடி வந்து பாருங்கள். முட்டி வலியோடு மாடி ஏறுகிறாள்.

பென்னி


மாமல்லபுரம்
26.11.2024

அன்பு அக்கா,

நாங்கள் எல்லோரும் சுகம். தொட்டி ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. இன்று எனக்கு வார லீவு. காலையிலிருந்து அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கொசுவெல்லாம் வரிசையில் வந்து ஒட்டிக்கொள்கிறது. கொசுவர்த்திச் செலவு மிச்சம். பென்னியின் கடிதத்தைப் பார்த்தாயா? எவ்வளவு தெளிவாக, எத்தனை வருஷத்துக்கு யோசித்து எழுதியிருக்கிறான்! இந்த மூளைக்கு வேலை இல்லை என்று எவன் சொன்னது?

பாப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவள் கேட்கிறாள், "ஏம்ப்பா, இத்தினி வருசத்துக்கு நம்பளே பாத்துக்கணும்னா, பென்னி அத்தான் எங்க போவுது?"

வெளியூரில் வேலை கிடைத்திருக்கும் என்றேன். நீ அப்படி எதுவும் எழுதவில்லையே.

அக்கா, எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு சைக்கிள் கிடைத்ததே. தாவீது அண்ணன் சைக்கிள். துடைத்து, எண்ணெய் போட்டு, புது மணி மாட்டி, "இனிமே உனுக்குத்தான்டா, மழையில வுடாத" என்று கையில் கொடுத்தார். நன்றாகச் சவரம் செய்துகொண்டு, சிரித்த முகமாக இருந்தார். நான் தெருத் தெருவாக மணியடித்துக்கொண்டு சுற்றினேன். அந்த வாரம்தான் அண்ணன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிள் எங்கே போனது என்றுகூட யாரும்

பென்னிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் இருப்பாய். உனக்கும் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்


செங்கல்பட்டு
29.12.2024

தம்பி ஸ்டான்லிக்கு,

உன் சுகத்தையும் எஸ்தர் சுகத்தையும் பண்டிகைக்கு வந்தபோதே பார்த்துவிட்டேன். என் பிள்ளையின் சுகத்தைத்தான் பார்த்துப் பார்த்தும் தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டில் இரண்டு நாள் இருந்தும் நாம் தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் உன் நிழல் மாதிரி கூடவே இருந்தான். நீ பென்னியைத் தேடி ஓடிவந்த அன்றைக்குச் சட்டைப் பையில் நனைந்து கிடந்தது என்று, பாதியில் நின்ற உன் கடிதத்தை எஸ்தர் என்னிடம் கொடுத்தாள். பஸ்ஸில் படித்தேன். திருக்கழுக்குன்றம் வந்தது, போனது, எதுவும் தெரியவில்லை.

அன்று மத்தியானம் நான் ஃபீஸ் கவுண்டரில் இருந்தேன். போன் பையில் கிடந்தது. நீ திரும்பக் கூப்பிட்டபோது, "அவன் என்கூட கீறான், டாக்டராண்ட போறோம், நீ நேரா வா" என்று மட்டும் சொன்னாய். டாக்டர் மருந்து எழுதினார், தனியாக விடாதீர்கள் என்றார், நீ உன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாய். நீ வீட்டுக்குள் போனபோது என்ன பார்த்தாய் என்று இதுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் தூங்க முடியவில்லை. சொல்லிவிடு.

சபை முன்னால் சாட்சி சொன்னேனே தம்பி. அவன் சிரித்துக்கொண்டே இருந்தானே. அந்தச் சிரிப்பு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

இப்போதும் விடியற்காலையில் கதவுக்கடியைப் பார்க்கிறேன். அறை காலி என்று தெரிந்துதான் பார்க்கிறேன்.

அக்கா


மாமல்லபுரம்
6.1.2025

அன்பு அக்கா,

முதலில் அவன் சுகத்தை எழுதிவிடுகிறேன். இன்று காலை இட்லி மூன்று சாப்பிட்டான். மாத்திரை போட்டான். பாப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். எங்கள் சுகம் அதற்குள் அடக்கம்.

இப்போது என் முறை. அவன் பக்கத்திலேயே இருப்பதால் போனில் பேச முடியாது, ரிசார்ட் மோட்டார் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கதவை உடைக்கவில்லை அக்கா. மழையில் தொப்பலாக நனைந்து போய்க் கதவைத் தட்டினேன். உடனே திறந்தான். அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான். என்னைப் பார்த்து, "சாப்ட்டியா மாமா?" என்று கேட்டான். அறையில் ஒரு தூசி இல்லை. மேசை மேல் உன் பெயர் எழுதின ஒரு கவர் இருந்தது. அதை நான் பிரிக்கவில்லை. அவனே பிறகு கிழித்துப் போட்டான்.

ஈரச் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்தேன். கடைசியில் கேட்டுவிட்டேன். "நீயும் போவப் போறியாடா? எங்க அண்ணன் மாரி?"

எந்த அண்ணன் என்றான். அவனுக்கு அப்படி ஒரு பெரிய மாமா இருந்ததே தெரியாது. நாம்தான் பெயரையே புதைத்துவிட்டோமே. எல்லாவற்றையும் சொன்னேன், சைக்கிளையும் சொன்னேன். அவன் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். நானும் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் செய்தேன்.

எனக்குப் பயம் போகவில்லை. அவன் குளிக்கப் போனால் வெளியே நின்று எதையாவது பாடிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் செடி அவன் எழுதின மாதிரியே சுண்டைக்காய் அளவுக்குக் குறுகிவிட்டது. பசையே இல்லை. ராத்திரி இரண்டு தடவை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், இது செத்தால் இவன் என்ன ஆவான் என்று. அவன் சிரிக்கிறான். "மாமா, நீ இன்னாத்துக்குச் செடியப் புடிச்சினு தொங்குற? அது செத்தா இன்னொண்ணு வாங்கலாம்."

டாக்டர் என்னிடம் ஒன்று சொன்னார். சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள், கேட்பதால் இல்லாத நினைப்பு புதிதாக வராது என்றார். அதை அவனிடம் சொன்னேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் மேல் கோபப்படாதே.

"அம்மா ஒரு தபாகூட கேக்கல மாமா. காலைல கதவாண்ட வந்து நிக்கிறது எனுக்குத் தெரியும். இன்னிக்குக் கேக்கும், இன்னிக்குக் கேக்கும்னு நெனச்சிகினே உள்ள நின்னுகினு இருப்பேன். திரும்பிப் பூடும்."

ஸ்டான்லி


செங்கல்பட்டு
17.1.2025

என் கண்ணு பென்னிக்கு,

அம்மா எழுதுகிறேன். சாப்பிட்டாயா? தூங்குகிறாயா? மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்றாயே, குறைந்ததா?

கதவுக்கு அந்தப் பக்கம் நீயும் நின்றாய் என்று மாமா எழுதினான். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன்டா. எங்கள் வீட்டில் அப்படித்தான் பழகினோம். சொல்லாமல் இருந்தால் நடக்காது என்று.

வாயால் கேட்க இன்னும் வரவில்லை. எழுதுகிறேன். இதை எழுத நாலு தாள் கிழித்துவிட்டேன்.

பென்னி, நீ செத்துப்போக நினைத்தாயா? இப்போதும் நினைக்கிறாயா?

நீ என்ன பதில் சொன்னாலும் அம்மா கோபப்பட மாட்டேன். அழுவேன். அழுதுவிட்டு வந்து உன் பக்கத்தில் உட்காருவேன்.

உன் அம்மா


மாமல்லபுரம்
27.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சாப்பிடுகிறேன். தூக்கம் இப்போது பரவாயில்லை. வயிற்றுப் புரட்டல் குறைந்திருக்கிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சனிக்கிழமை நீ வந்தபோது நீயும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். பஸ் ஏறும்போது நீ என் கையை விடவே இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாம்.

ஆமாம் அம்மா. நினைத்தேன். நாள்கூடக் குறித்து வைத்திருந்தேன். மாமா வந்தது அதற்கு முந்தின நாள். உன் மேல் கோபம் எதுவும் இல்லை. களைத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

இப்போதும் சில நாள் காலையில் அந்த நினைப்பு வருகிறது. வந்தால் மாமாவிடம் சொல்லிவிடுகிறேன். அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, என்னைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போய், கேட்காத கதையெல்லாம் சொல்லி அறுக்கிறார். மத்தியானத்துக்குள் போய்விடும்.

இன்றைக்கு வரவில்லை. நாளைக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று எழுதினால் அது பொய், உன்னிடம் பொய் சொல்லி அலுத்துவிட்டது.

அதனால் நாளைக்கும் கேள் அம்மா. வாயாலேயே கேள்.

பென்னி